நேர்கோட்டாரின் இடது பக்கம்

துணியை இரண்டாக மடித்து வெட்டுகிறவருக்கு மனிதர் என்றால் பாதி உடம்புதான். ஒரு தோள், ஒரு கை, அரைக் கழுத்து, அரை மார்பு. இவ்வளவையும் அட்டையில் வரைந்து, மடித்த துணியின்மேல் வைத்து, கோடு போட்டு வெட்டிப் பிரித்தால் முழு ஆள் கிடைத்துவிடுவார். மற்ற பாதிக்கென்று தனியாக மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை. நம் கட்டிங் மாஸ்டர் முப்பத்தெட்டு வருஷம் இப்படித்தான் பாதிப் பாதியாக மனிதர்களைச் செய்துகொண்டிருந்தார்.

அது சீருடை தைக்கும் கம்பெனி. பஸ் டிரைவர்கள், காவலாளிகள், நர்ஸுகள், தபால்காரர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவர் வெட்டிய துணிக்குள்தான் நடமாடினார்கள். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் நேர்கோட்டார். முன்னால் மாஸ்டர், பின்னால் நேர்கோட்டார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் படம் சுவரில் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைக் கண்டு, முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார் என்பது நடந்த கதை. ஒருவர் மாடிப்படி ஏறிவரும் சத்தத்தை வைத்தே "நாற்பத்திரண்டு, வயிறு கொஞ்சம் முன்னால" என்று சொன்னதும், வந்தவர் அப்படியே இருந்ததும் நடந்த கதைதான். இருமலைக் கேட்டுக் காலர் அளவு சொல்வார் என்று தையல் பகுதியில் பேசிக்கொள்வார்கள். அதை நான் நம்பவில்லை. தும்மல் என்றால் நம்பலாம், தும்மலில் கழுத்து முழுசாக வேலை செய்கிறது.

அவர் மனைவியும் அங்கேதான் வேலை. தைத்து முடித்த சட்டையைத் திருப்பிப் பார்த்து, நீட்டிய நூலை நறுக்கி, கோட்டுத் தடத்தை ஈரத்துணியால் துடைத்து, குறை இருந்தால் மூலையில் வீசும் செக்கிங் மேஜை. கல்யாணத்துக்கு முன்பே, பாக்கெட் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது என்று அவர் வெட்டிய நாற்பது சட்டைகளைத் திருப்பி அனுப்பியவர் அந்த அம்மாள். நாற்பதையும் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போன மனுஷன், திரும்பி வரும்போது பெண் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் வெட்டும் மேஜையிலேயே அவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குச் சிகரெட்டை விட்டார். சிகரெட் அவரை விடவில்லை போலிருக்கிறது. இருமல் என்று ஆரம்பித்தது, மருந்துக்கு அடங்கவில்லை, எச்சிலில் ரத்தம் தெரிந்தது. படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், இடது நுரையீரலின் அடியில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கட்டி எலுமிச்சம்பழ அளவு. அது இருந்த இடம்தான் வம்பு. இதயத்துக்கு அடுத்த வீடு. நடுவில் சுவர் கூட இல்லை.

அறுத்து எடுக்க முடியாது, இந்த இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காது என்று முதல் நாளே தீர்ந்துபோயிற்று. சாதாரண ஆளுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு போல வெளியே தள்ளும். இவருக்கு நாற்பத்தைந்து. எக்கோ என்னும் ஸ்கேனில் தெரிந்த கணக்கு. முப்பது நாள் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் மருந்து என்று புற்றுநோய் டாக்டர் முடிவு செய்தார். அந்த முப்பது நாளில் நாற்பத்தைந்து முப்பதாக இறங்கினால் என்ன செய்வது என்று இதய டாக்டர் கேட்டார். புற்றுநோய் டாக்டர் நெட்டையான ஆண், இதய டாக்டர் அவர் முழங்கை உயரப் பெண். சம்பந்திகள் சீர் பேசுவதுபோல மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். நடுவில் மாஸ்டரும் மனைவியும்.

"கட்டி உங்க பொறுப்பு, இதயம் என் பொறுப்பு," என்றார் இதய டாக்டர். "அதை எடுக்கறேன்னு இதைச் சுட்டுடாதீங்க."

"சுட மாட்டேன். ஆனா கட்டிக்குச் சுத்திக் கொஞ்சம் இடம் சேர்த்துத்தான் அடிக்கணும். ஓரத்துல ஒட்டியிருந்தா திரும்ப வளரும்."

"தையலுக்கு விடற மாதிரி," என்றார் மாஸ்டர்.

நெட்டை டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு தாளை எடுத்து நுரையீரல் வரைந்தார், கட்டி வரைந்தார், பக்கத்தில் இதயம் வரைந்தார். "அதேதான். இந்தப் பக்கம் தையலுக்கு விட இடமிருக்கு, இந்தப் பக்கமும் இருக்கு. உள்பக்கம்தான் இல்ல. இதயம் உட்கார்ந்திருக்கு. நீங்க மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சீங்கன்னா நுரையீரல் உப்பும், இதயம் கொஞ்சம் தள்ளிப் போகும். அந்த நேரத்துல மட்டும் மெஷினைப் போடுவோம். ஒரு சென்டிமீட்டர் கிடைச்சாலும் பெரிய விஷயம்."

"அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல்," என்றார் மாஸ்டர். "பண்ணலாம்."

"பண்ணப்போறது நீங்க இல்ல, உங்க மூச்சு," என்றார் மனைவி.

இதய டாக்டர் தன் பங்குக்கு ஒரு பட்டியல் போட்டார். பழைய இதய மாத்திரை ஒன்றையும் நிறுத்தக் கூடாது. தினம் காலையில் எடை பார்க்க வேண்டும், திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று பொருள். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே வர வேண்டும். நரம்பில் மருந்து ஏற்றும்போது கூடவே ஏற்றும் திரவத்தை மெதுவாக விட வேண்டும், இந்த இதயத்துக்கு ஒரேயடியாக ஊற்றினால் தாங்காது. நடுவில் ஒரு எக்கோ, முடிவில் ஒரு எக்கோ. அந்த அம்மாள் பட்டியலை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். செக்கிங் மேஜைக்கு ஒரு புது அயிட்டம் வந்த மாதிரிதான்.

மூச்சுப் பிடிக்கும் பயிற்சி வீட்டிலேயே ஆரம்பமாயிற்று. டைம் பார்த்தவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பஸ் டிரைவர். மத்தியான ஷிப்டு என்பதால் தினமும் காலையில் மாமாவைத் தன் பழைய காரில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டவர்.

"இழுங்க மாமா. பிடிங்க. எட்டு, ஒன்பது... ஏன் விட்டுட்டீங்க?"

"இருமல் வந்துச்சுடா."

"சரி, மறுபடி. என் பஸ்ல ஏறி டிக்கெட் எடுக்காதவன் செக்கரைப் பாத்தா எப்படி மூச்சைப் பிடிப்பான்? அப்படிப் பிடிங்க."

மாஸ்டருக்கு இது தலைகீழ்ப் பாடம். வாழ்நாள் முழுக்க, நெஞ்சில் டேப்பை வைத்ததும் கோழி போல மார்பைத் தூக்கும் ஆண்களை மூச்சு விட வைப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. அதற்கென்று ஒரு தந்திரம் கூட வைத்திருந்தார். "சம்சாரம் ஊர்ல இருக்காங்களா?" என்று கேட்பார். ஆள் பெருமூச்சு விடுவான். அளவு சரியாகக் கிடைக்கும். இப்போது அவரே மார்பைத் தூக்க வேண்டும், தினமும் ஒரே அளவு, இருபது விநாடி. ஒரு வாரத்தில் பழகிவிட்டார். இருபத்தேழு விநாடி வரை போனார். மச்சான் தன் டிப்போவில் அதை ஒன்றரை நிமிஷம் என்று சொல்லிவைத்திருந்தார்.

கதிர்வீச்சுப் பிரிவில் அவரைப் பொறுப்பேற்றவர் ஒரு டெக்னீஷியன் பெண். சிரிக்காத முகம், மெதுவான பேச்சு. ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்து, சுவர்களிலிருந்து விழும் பச்சை வெளிச்சக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, ஊதா மையால் உடம்பில் மூன்று கோடு போட்டார். நடுநெஞ்சில் ஒன்று, வலது விலாவில் ஒன்று, இடது விலாவில் ஒன்று. மேலே கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள்.

"தினமும் இந்தக் கோட்டையும் இந்த வெளிச்சத்தையும் ஒண்ணா சேர்த்துத்தான் உங்களைப் படுக்க வைப்போம் சார். குளிக்கலாம், தேய்க்கக் கூடாது. அழிஞ்சா நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க போட்டுக்கறோம்."

"இந்த யூனிஃபார்ம் எங்க டேபிள்ல வெட்டினதும்மா," என்றார் மாஸ்டர், படுத்தபடியே. "முப்பத்தாறு சைஸ். உனக்கு முப்பத்தெட்டு போடணும்."

"அசையாதீங்க சார்."

வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நின்றவர், நின்றபடியே நின்றார். வலது கோடு மேலே இருந்தது. இடது கோடு கீழே இருந்தது. அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

"இங்க வந்து பாரேன். அந்தப் பொண்ணு கோணலா போட்டிருக்கு."

மனைவி வந்து பார்த்தார். "உங்க உடம்பு கோணலா இருக்கும்."

"என் உடம்பா?"

அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால் கூட அவ்வளவு பட்டிருக்காது. மறுநாள் காரில் மச்சானிடம் முறையிட்டார். "எங்க அக்கா சொன்னா சரியாத்தான் மாமா இருக்கும். என் மூக்கு கூட ஒரு பக்கமா வளைஞ்சிருக்குன்னு கல்யாணத்தன்னைக்கு அவதான் கண்டுபிடிச்சா," என்று மச்சான் வண்டியைத் திருப்பினார்.

சிகிச்சை ஒழுங்காகப் போயிற்று. குளிரான அறை, கனத்த கதவு. மேஜையில் படுத்ததும் கண்ணுக்கு மேலே ஒரு சின்னத் திரை. மூச்சை இழுக்க இழுக்கத் திரையில் ஒரு மஞ்சள் பட்டை ஏறும். அதைப் பச்சைக் கட்டத்துக்குள் நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மெஷின் ஓடும், விட்டால் தானாக நிற்கும். டெக்னீஷியன் வேறு அறையிலிருந்து மைக்கில் பேசுவார்: "இழுங்க... பிடிங்க... விடுங்க." அதற்கு முன்னால் தினமும் ஒரு படம் எடுத்து, முதல் நாள் ஸ்கேனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இவருக்கு இதயம் பக்கத்தில் என்பதால் இந்தப் படம் ஒருநாளும் தப்பக் கூடாது என்று நெட்டை டாக்டரின் கட்டளை. மாஸ்டருக்கு அந்த அறையில் மிகவும் பிடித்தது பச்சை வெளிச்சக் கோடுகள். மயிரிழை அகலம், துளி நடுக்கம் இல்லை. கம்பெனியில் அப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே மூச்சைப் பிடித்ததில் சில நாள் கட்டத்தை மீறிப் பட்டை மேலே போயிற்று.

மூன்றாவது வாரம் நடு எக்கோ. நாற்பத்து நான்கு. இதய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணு குறைஞ்சா அது அளக்கறவங்க கைவாகு. அஞ்சு பத்து குறைஞ்சாத்தான் நான் சண்டைக்குப் போவேன்," என்றார். மனைவி அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தினசரி எடை, இரத்த அழுத்தம், கணுக்கால் சுற்றளவு எல்லாம் அந்த நோட்டில்தான். கணுக்காலை அளப்பது மட்டும் மாஸ்டரின் சொந்த ஏற்பாடு, சொந்த டேப்.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. சனிக்கிழமை வேர்வையில் இடது பக்கத்து ஒட்டுத்தாள் உரிந்து பனியனோடு வந்துவிட்டது. கோடு மங்கிப்போய், இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை என்ற நிலை. சனி ஞாயிறு சிகிச்சை கிடையாது. திங்கட்கிழமை காலையில் "கோடு அழிஞ்சுபோச்சும்மா" என்று நான்கு வார்த்தை கூட வேண்டாம், இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மாஸ்டர் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றார். மேஜை டிராயரில் கம்பெனியின் நீலப் பேனா இருந்தது. துணியில் குறி போடும் பேனா, தண்ணீர் பட்டால் தடமே இல்லாமல் போய்விடும் வகை. ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. கை இருந்தது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கமும் இருந்தது. மங்கிய கோட்டை அதே இடத்தில் அழுத்தியிருந்தால் கூடப் போகட்டும் என்று விடலாம். இவர் வலது கோட்டின் உயரத்தை அளந்து, அதே உயரத்துக்கு இடது கோட்டை ஏற்றிப் போட்டார். ஏற்றியதும் வலது பக்கம் மங்கலாகத் தெரிந்தது, அதன்மேலும் ஒரு தடவை இழுத்தார். நடுக்கோட்டையும் பொருத்தமாக நிமிர்த்தினார். பழைய ஊதா மிச்சத்தை ஈர விரலால் தேய்த்தார், முழுக்கப் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது லட்சணமாக இருந்தது. மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழும். சட்டையை மாட்டிக்கொண்டு டீ போட்டுக் குடித்தார்.

திங்கட்கிழமை. டெக்னீஷியன் வழக்கம்போல அறை விளக்கைத் தணித்து, கோடுகளைப் பச்சை வெளிச்சத்தோடு சேர்த்தார். உடம்பை ஒரு பக்கம் லேசாக உருட்டினார், சேர்ந்தது. படம் எடுத்தார். பொருந்தவில்லை. மேஜையை நகர்த்திப் பார்த்தார். கட்டி பொருந்தினால் முதுகெலும்பு பொருந்தவில்லை, முதுகெலும்பு பொருந்தினால் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இறக்கி, மறுபடி படுக்க வைத்து, மறுபடி படம். அதே கதை. மூன்றாவது தடவையும் அதே.

"ஒரு நிமிஷம் சார்," என்றது மைக். பிறகு மைக் அணைந்தது.

நெட்டை டாக்டர் வந்தார். மாஸ்டரை எழுப்பி வெளியே உட்கார வைத்து, மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னைக்குக் கதிர் கொடுக்கல. உள்ள ஏதோ மாறியிருக்கற மாதிரி தெரியுது. உடம்பே ஒரு பக்கமா உருண்ட மாதிரி படம் வருது. நுரையீரல்ல ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம், இல்ல நீர் கோத்திருக்கலாம். சுருங்கினா இதயத்தைத் தன் பக்கம் இழுக்கும். அப்படின்னா நாம போட்ட கணக்கெல்லாம் செல்லாது. புதுசா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் மேல தொடரலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்."

"வேண்டாம்னா?" என்றார் மனைவி.

"பாக்கலாம்மா. முதல்ல ஸ்கேன்."

டாக்டர் போய்விட்டார். நடைவழியில் இரும்பு நாற்காலி வரிசை. மனைவி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எடை ஏறவில்லை. கணுக்கால் வீங்கவில்லை. எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்று ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். கட்டிடமே இடிந்து விழுந்தாலும் காஜாப் பொத்தல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற விரல் அது, ஒரே வரியை இரண்டு தடவை அது தொட்டு மாஸ்டர் பார்த்ததில்லை.

மாஸ்டர் பக்கத்தில் ஆஸ்பத்திரி அங்கியோடு உட்கார்ந்திருந்தார். 'உருண்ட மாதிரி' என்று டாக்டர் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் ஒரு குறி தள்ளிப்போனால் கீழே உள்ள எண்பது அடுக்குத் துணியும் தள்ளித்தான் வெட்டுப்படும், துணியில் கோளாறு தேடிப் பயனில்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். வாய் மட்டும் திறக்கவில்லை. நெஞ்சு அவருடையது, தப்பும் அவருடையது, சொல்ல வேண்டிய இடமோ மனைவியின் முன்னால். அந்த வயதில் ஒரு ஆணுக்கு இதயநோயும் புற்றுநோயும் சேர்ந்து வந்தால் கூடச் சமாளித்துவிடுவார்.

அங்கியின் நாடா தளர்ந்து மார்பு தெரிந்தது. நோட்டிலிருந்து நிமிர்ந்த மனைவியின் கண் அங்கே போய் நின்றது.

"ஏங்க, இந்தக் கோடு ஊதாவாத்தானே இருந்துச்சு?"

"ஊதாதான்."

"இது நீலம்."

"இந்த லைட்ல அப்படித் தெரியுது."

அந்த அம்மாள் வாதாடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கைக்குட்டையின் நுனியை நனைத்து, அவர் இடது விலாவில் ஒற்றினார். ஒரே ஒற்று. கோடு இருந்த இடம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி ஆயிற்று. ஒரு விரல் கீழே, பழைய ஊதா, மங்கலாக.

"முப்பது வருஷமா நீங்க போட்ட கோட்டை அழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கிட்டயே லைட்டைச் சொல்றீங்களா?"

"கோணலா இருந்துச்சும்மா."

"இருந்தா?"

"மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும்ல."

"உங்களை மடிச்சுப் பாருங்க. இதயம் எந்தப் பக்கம் வருது, கல்லீரல் எந்தப் பக்கம் வருதுன்னு நானும் பாக்கறேன்."

அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு வந்த மச்சான் பாதி கேட்டார், மீதியை யூகித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று போகிற நர்ஸ் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"எழுந்திருங்க," என்றார் மனைவி.

"நீ போய்ச் சொல்லேன்."

"கோடு போட்ட கைதான் சொல்லணும். எழுந்திருங்கன்னா."

டெக்னீஷியன் திரையின் முன்னால் ஸ்கேன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாசலிலேயே நின்று, சட்டையில் கறை பட்டவன் போல மார்பைக் காட்டி, "நான்தாம்மா மாத்திப் போட்டேன்," என்றார். அந்தப் பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வலது பக்கம் நீலம், நடுவில் நீலம், இடது பக்கம் மங்கிய ஊதா. திட்டுவார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"ஸ்கேல் வச்சுப் போட்டீங்களா சார்?"

"ஸ்டீல் ஸ்கேல்."

"நல்லா நேரா இருக்கு." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உங்க நெஞ்சு நேரா இல்ல. இடது விலா தாழ்வு. ஒன்பது மில்லிமீட்டர். அளந்துதான் போட்டேன். இன்னைக்கு உங்க கோட்டை நம்பி உங்களை உருட்டினேன். படம் எடுக்காம மெஷினைப் போட்டிருந்தா, கட்டிக்குப் போக வேண்டியதுல ஒரு பங்கு இதயத்துக்குப் போயிருக்கும். வேற யாருக்காவதுன்னா பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்லவே முடியாது."

மாஸ்டர் தலையை ஆட்டினார். வெட்டும் மேஜையில் அவர் மற்றவர்களுக்குச் சொல்லும் குரல்தான் அது. எதிர்ப்பக்கம் நின்று கேட்டது முதல் தடவை.

நெட்டை டாக்டர் விஷயத்தைக் கேட்டு, முதலில் பெருமூச்சு விட்டார், பிறகு கோபப்பட்டார், பிறகு ஸ்கேனை எடுத்தே ஆக வேண்டும் என்றார். எடுத்தார்கள். நுரையீரல் சுருங்கவில்லை, நீர் கோக்கவில்லை. ஒரு நாள் போனதோடு சரி, கடைசியில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் டாக்டர் ஒரு உத்தரவு போட்டார்: "இவருக்கு இனிமே பேனாக் கோடு வேண்டாம். பச்சைப் புள்ளி குத்திடுங்க." முதல் நாள் அளவுகளையும் போட்டோக்களையும் வைத்து, டெக்னீஷியன் ஊசியால் கடுகளவு மூன்று புள்ளி குத்தினார். தண்ணீருக்கும் போகாது, சோப்புக்கும் போகாது, ஸ்கேலுக்கும் கட்டுப்படாது. வலது மேலே, இடது கீழே. குத்தி முடிக்கும்வரை மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி நாட்களில் அவர் அந்த அறையில் யோசனை எதையும் கொண்டுபோகவில்லை. பட்டை கட்டத்துக்குள் ஏறும், நிற்கும், இறங்கும். ஐந்தாவது வாரம் விழுங்கினால் தொண்டைக்குக் கீழே எரிந்தது, பால், ஊறவைத்த ரொட்டி என்று இறங்கியது. உடம்பு மூன்று கிலோ கரைந்தது. எடை குறைகிறதே என்று மனைவி பயந்ததற்கு, இந்த எடை சாப்பாடு, அந்த எடை நீர், இரண்டும் வேறு என்று இதய டாக்டர் போனிலேயே விளக்கினார். மருந்து ஏற்றும் நாட்களில் அந்த அம்மாள் திரவம் சொட்டும் குழாயின் கீழேயே உட்கார்ந்து சொட்டுக்களை எண்ணினார். ஒரு தடவை வேகமாகச் சொட்டுகிறது என்று நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுக் குறைத்தார். அதன்பிறகு அந்த வார்டில் அவர் வந்தாலே நர்ஸுகள் முதலில் குழாயைத்தான் பார்ப்பார்கள்.

முப்பதாவது நாள் முடிந்து ஒரு மாதம் கழித்து இரண்டு டாக்டர்களும் ஒரே நாளில் பார்த்தார்கள். நெட்டை டாக்டர், எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆகியிருக்கிறது, இன்னும் சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். மனைவி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இதய டாக்டர் எக்கோ சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரை நடைவழியில் நடக்கவிட்டார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆறு நிமிஷம். மச்சான் போனில் நேரம் பார்த்தார். மனைவி கூடவே நடந்தார், யாரும் நடக்கச் சொல்லாமலே. நானூற்றுப் பதினைந்து மீட்டர். மூச்சு வாங்கியது, வலி இல்லை.

"நாற்பத்து நாலு," என்றார் இதய டாக்டர், சீட்டைக் கொடுத்து. "நான் சண்டைக்குப் போக வேண்டியதில்ல. ஆனா கதிர் பட்ட இதயம் வருஷம் கழிச்சும் வேலை காட்டும். மாத்திரையும் எக்கோவும் நிக்கக் கூடாது."

"வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்றார் மாஸ்டர்.

"பாதி நாள். நின்னு செய்யற வேலை வேண்டாம். உட்கார்ந்து."

"உட்கார்ந்து எப்படி டாக்டர் வெட்டறது?"

"வெட்ட வேண்டாம்னு சொல்றேன்."

உட்கார்ந்து செய்கிற வேலை அந்தக் கம்பெனியில் இரண்டுதான். ஒன்று தையல். அது தனக்குக் கீழே என்று அவர் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிவந்தது எல்லோருக்கும் தெரியும். மற்றது செக்கிங். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு செக்கிங் மேஜையில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார்.

முதல் நாள் மாஸ்டர் ஒரு நர்ஸ் மேல்சட்டையைத் திருப்பிப் பார்த்து, நூல் நறுக்கி, நல்ல பக்கம் வைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி அதை எடுத்து ஒரு தடவை உதறிவிட்டு, திரும்ப அவர் முன்னால் போட்டார்.

"இன்னொரு தடவை பாருங்க."

"பாத்தாச்சு."

"பாத்தது பத்தல."

தையல் பகுதியில் ஏழு மெஷின் ஒரே நேரத்தில் நின்றது. மாஸ்டர் சட்டையை எடுத்தார். காலர், தோள், பாக்கெட், ஓரம். ஒன்றும் இல்லை. பதினோரு மணி ஆயிற்று. மனைவி ஒரு மாத்திரையையும் டம்ளரையும் அவர் பக்கம் நகர்த்தினார். அவர் விழுங்கிவிட்டு மறுபடி எடுத்தார். பொத்தான் பட்டைக்கு உள்ளே, மூன்றாவது காஜாவுக்குக் கீழே ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. இரண்டு துவையலில் பிரிந்துவிடும்.

அதை மூலையில் வீசினார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்த மூலையில் பதினேழு சட்டை சேர்ந்தது. பதினொன்று அவர் வீசியது, ஆறு அந்த அம்மாள் வீசியது. பதினொன்றில் இரண்டை அந்த அம்மாள் திரும்ப எடுத்து நல்ல பக்கம் வைத்தார்.